ஒரு கப் மைதான்னா எத்தனை கிராமுங்க? தாராபுரத்து அம்மணிக்கு ஒரு நீளமான பதில்

தாராபுரத்துல இருந்து ஒரு அம்மணி கேட்டிருந்தாங்க. அக்கா, அமெரிக்கா ரெசிபி ஒண்ணு பார்த்து வெனிலா கேக் போட்டேன், ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சக்கரை, ஒரு ஸ்டிக் பட்டர், 2 முட்டை, அரை கப் பால், ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர்னு இருந்துச்சு, எல்லாம் சொன்ன மாதிரியேதான் போட்டேன், கேக்கு செங்கல்லு மாதிரி வந்துருச்சு, ஒரு கப்னா எத்தனை கிராம்னு ஒரே வரியில சொல்லுங்க எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிக்கறேன்னு. கூடவே தன்னோட கப்பு ஆன்லைன்ல வாங்குனது 250 மில்லி, மைதாவை டப்பாக்குள்ள கப்பை விட்டு அப்படியே மொண்டுக்கிட்டேன், ஸ்டிக் பட்டர்னா நம்மூரு 100 கிராம் பாக்கெட்னு நெனச்சுக்கிட்டேன்னு விவரமா எழுதியிருந்தாங்க. அந்த விவரம் இல்லைன்னா நானும் ஏதோ ஒரு அட்டவணைய எடுத்து நீட்டியிருப்பேன். இப்ப எங்க தப்பு போச்சுன்னு கிட்டத்தட்ட கையில புடிச்சே காட்டலாம்.

ஒரே வரியில பதில் வேணும்னா, மைதா 120, சக்கரை 200. ஆனா கண்ணு, இதை மட்டும் ஒட்டி வெச்சா அடுத்த கேக்கும் ஒருவேளை சொதப்பும், ஏன்னா கப்புங்கறது ஒரு எடம், கிராமுங்கறது ஒரு பாரம், எடத்துக்குள்ள எவ்வளவு பாரம் போகும்ங்கறது உள்ள போடற சாமானைப் பொறுத்தது, போடற கையையும் பொறுத்தது.

எங்க அமுச்சி வீட்டுல பித்தளைப் படி ஒண்ணு இருந்துச்சு. அரிசி, சோளம், கம்பு, ராகி, அவரைப் பருப்பு எல்லாமே அதுலதான், அப்பெல்லாம் யாரு தராசு வெச்சிருந்தாங்க வீட்டுல. கிலோ கணக்குக்கு 1956லயே சட்டம் போட்டாச்சு, ஆனா அமுச்சி கடைசி வரைக்கும் வள்ளம், படி, உழக்கு, ஆழாக்குதான். அந்தப் படில ஒரு படி ராகி எடுத்து மில்லுக்கு அரைக்கக் குடுத்துட்டு வந்தா மாவு ஒரு படிக்கு மேல வரும், சின்னப் புள்ளையில எனக்கு அது பெரிய அதிசயம், மில்லுக்காரரு கூடப் போட்டுக் குடுத்துட்டாருன்னு சந்தோசப்படுவேன். அமுச்சி சொல்லும், மாவு பொங்கிக்கிட்டு நிக்குது சாமி, ரெண்டு தட்டுத் தட்டுன்னா உக்காந்துக்கும்னு. அப்பறம் ஒறம்பரைக்கு அளந்து குடுக்கறப்ப கோபுரமா குமிச்சு அளக்கும், கூலிக்கு அளக்கறவங்க தலை தட்டி அளப்பாங்க, ரெண்டுமே ஒரு படிதான் பேருக்கு. இப்ப நீங்க அமெரிக்கா கப்புல மாட்டிக்கிட்டதும் இதே சங்கதிதானுங்க, பித்தளைக்குப் பதிலா பிளாஸ்டிக்கு, அவ்வளவுதான்.

உலகத்துல பாதிப் பேரு பேக்கிங்குக்கு எடைதான் போடறாங்க. ஐரோப்பாவுல பெரும்பாலும் கிராம்தான். அமெரிக்காக்காரங்கதான் கப்பை விடமாட்டேங்கறாங்க. 1896 வாக்குல பாஸ்டன்ல ஃபேனி ஃபார்மர்னு ஒரு அம்மா சமையல் சொல்லிக்குடுத்துட்டு இருந்தாங்க, அவங்கதான் கப்பையும் ஸ்பூனையும் தலை தட்டி அளக்கணும்னு பரப்பி விட்டவங்க, அதுக்கு முன்னாடி டீ கப்பு நிறைய, வால்நட்டு பருமன் வெண்ணெய் அப்படின்னெல்லாம் எழுதிட்டு இருந்தாங்களாம். அன்னைக்கு அது பெரிய முன்னேற்றம்தான், தப்புச் சொல்ல முடியாது. ஆனா வீட்டுக்கு வீடு தராசு வந்தப்பறமும் அதையே புடிச்சுத் தொங்கறதுதான் நமக்கு தலவலி.

சரி, மொதல்ல கப்பு. ஒரு கப்புன்னா ஊருக்கு ஒரு அளவு. அமெரிக்கா சமையல் கப்பு 237 மில்லி கிட்ட, பாக்கெட்டுக்குப் பின்னாடி சத்து விவரம் போடறாங்களே அதுக்கு மட்டும் 240ன்னு வெச்சுக்கறாங்க. ஆஸ்திரேலியா கப்பு 250. ஜப்பான் கப்பு 200. ரைஸ் குக்கர் கூட ஒரு பிளாஸ்டிக் கப்பு வருமே, அது 180 மில்லி, பல பேரு அதைத்தான் அளவு கப்புன்னு நெனச்சுட்டு இருக்காங்க, நானும் நெனச்சவதான். பழைய பிரிட்டிஷ் கப்புன்னு ஒண்ணு 284 மில்லி, அது இப்ப அவ்வளவா வர்றதில்ல, பழைய ரெசிபி பார்த்தா மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. ஸ்பூன்லயும் இதே கூத்து உண்டு, டீஸ்பூன் எங்க போனாலும் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் எல்லா ஊர்லயும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவுல மட்டும் 20. அதனால ஒரு ரெசிபியப் பார்த்தா மொத வேலை இதை எழுதுனவங்க எந்த ஊருன்னு பார்க்கறது. உங்க கப்பு உண்மையிலேயே எத்தனை மில்லின்னு பார்க்கறதுக்கு தராசு மேல வெச்சு ஜீரோ பண்ணிட்டு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க, கிராம் எத்தனை காட்டுதோ அத்தனை மில்லி. கப்பு மேல 250ன்னு அச்சுப் போட்டிருக்கறதை நம்பாதீங்க, ஊத்திப் பார்த்தே நம்புங்க.

இங்க ஒருத்தரு கேப்பாங்க, எல்லாத்தையும் ஒரே டம்ளர்ல அளந்தா விகிதம் மாறாதுல்ல, எந்தக் கப்பா இருந்தா என்னன்னு. நல்ல கேள்விதான், நம்ம அம்மாமாரெல்லாம் இட்லிக்கு நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்துன்னு அப்படித்தான் போடறாங்க, இட்லியும் பூப் போலத்தான் வருது. ஆனா கேக்குல முட்டை எண்ணிக்கைல வருது, பட்டர் ஸ்டிக்குல வருது, பேக்கிங் பவுடர் ஸ்பூன்ல வருது. உங்க டம்ளர் பெருசாச்சுன்னா மைதாவும் சக்கரையும் பெருசாகும், முட்டை பெருசாகாது. கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரு பொறந்த நாளுக்கு நான் அந்த ரைஸ் குக்கர் கப்புல மைதா அளந்து, முட்டையும் பட்டரும் மட்டும் ரெசிபில சொன்ன கணக்குல போட்டேன். அடுப்புக்குள்ள பொங்கி வந்துச்சு பாருங்க, அதைப் பார்த்து மாமியாரைக் கூப்புட்டுக் காட்டுனேன், வெளிய எடுத்து அஞ்சு நிமிசத்துல நடுவுல கெணறு மாதிரி உள்ள போயிருச்சு, சுத்தியும் எண்ணெய் கக்கிக்கிட்டு. மாமியாரு ஒண்ணுஞ் சொல்லல, ஒரு வட்டல்ல போட்டு ஸ்பூனோட கொண்டாந்து குடுத்தாங்க எல்லாத்துக்கும். உங்களுக்கு செங்கல்லு, எனக்கு கெணறு, வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்ப மைதா. இதுதான் முக்கால்வாசிப் பேரை கவுக்கறது, அதனால கொஞ்சம் பொறுமையாப் படிங்க. மைதா மாதிரி பொய் சொல்ற சாமான் சமையக்கட்டுல வேற கெடையாது. டப்பாவுல ஒரு வாரம் இருந்தா உக்காந்து இறுகிப்போயிடும், அதுக்குள்ள கப்பை விட்டு மொண்டீங்கன்னா கப்பே மாவை அமுக்கிக்கிட்டுத்தான் உள்ள போகும், அமெரிக்கா கப்புல 140, 150 கிராம் வரைக்கும் ஏறும். அதே மாவை மொதல்ல ஸ்பூன்ல கெளறி விட்டுட்டு, ஸ்பூன்ஸ்பூனா கப்புக்குள்ள உதிர்த்துப் போட்டு, கத்தி முதுகுல தலை தட்டுனா 120 கிட்ட வரும். சல்லடைல சலிச்சு நேரா கப்புக்குள்ள விழற மாதிரி செஞ்சா 100ல இருந்து 115க்குள்ள நின்னுக்கும். கப்பு ஒண்ணுதான், மாவு ஒண்ணுதான், 100லிருந்து 150 வரைக்கும் போகுது. ரெசிபில இன்னொரு சூட்சுமமும் இருக்குது, சலிச்ச மைதா ஒரு கப்புன்னு இருந்தா சலிச்சுட்டு அளக்கணும், மைதா ஒரு கப்பு, சலிச்சதுன்னு இருந்தா அளந்துட்டு சலிக்கணும். வார்த்தை ஒண்ணு முன்ன பின்ன போனதுக்கு கப்புக்கு 20 கிராம் வித்தியாசம் வந்துரும்.

நம்பர் எதை எடுக்கறது அப்படின்னா, பொதுவா அமெரிக்கா ரெசிபிக்கு 120 எடுங்க, நிறையப் பேரு அந்தக் கணக்குலதான் எழுதறாங்க. அவங்க மைதா பாக்கெட்டுக்குப் பின்னாடியே கால் கப்பு 30 கிராம்னு போட்டிருக்கும், நாலால பெருக்குனா 120. ஆனா சில பேரு மொண்டு எடுக்கற ஆளுங்க, அவங்க 140ன்னு வெச்சு எழுதுவாங்க. அதனால ரெசிபி பக்கத்துல எங்கயாவது ஒரு எடத்துல கிராம் போட்டிருக்கான்னு தேடுங்க, ஒரே ஒரு சாமானுக்குப் போட்டிருந்தாக்கூடப் போதும், அதை வெச்சு அவங்க கை எப்படின்னு புடிச்சுக்கலாம்.

சக்கரைல இவ்வளவு அக்கப்போரு இல்ல. சாதா சக்கரை அமெரிக்கா கப்புக்கு 200 கிராம், மொண்டாலும் கொட்டுனாலும் அஞ்சு பத்துதான் மாறும், ஏன்னா சக்கரையை அமுக்க முடியாது. ஆனா பொடிச்ச சக்கரைன்னா 115, 120தான். இங்கதான் நெறைய பேரு ஏமாறுவாங்க, நம்ம சக்கரை பெரிய பெரிய பரலா இருக்குது, வெண்ணெயோட கரைய மாட்டேங்குதுன்னு மிக்சில பொடி பண்ணி ஒரு கப்பு அளந்து போடுவாங்க, இனிப்பு பாதியாப் போயிருக்கும். பொடிக்கணும்னா 200 கிராம் எடை போட்டுட்டு பொடிங்க, அவ்வளவுதான்.

நாட்டுச்சக்கரை போடறவங்களுக்கு தனியாச் சொல்லணும். நம்ம ஊருல அது இல்லாத வீடு ஏது, பழனி பஞ்சாமிர்தத்துக்கே கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல இருந்துதான் ஏலத்துல எடுக்கறாங்க. அமெரிக்கா ரெசிபில பிரவுன் சுகர் அமுக்கி ஒரு கப்புன்னு இருக்கும், அது 213ல இருந்து 220 கிராம், அமுக்காமப் போட்டா 150 கூட வராது. நம்ம நாட்டுச்சக்கரை ஒரு மூட்டை ஈரமா கட்டி கட்டியா இருக்கும், இன்னொண்ணு மணல் மாதிரி ஓடும், இதைப் போயி கப்புல அளந்தீங்கன்னா சாமிதான் காப்பாத்தணும். 213 கிராம்னு எடை போட்டுப் போடுங்க, கட்டி இருந்தாலும் எடை எடைதான். ருசி மாறும், கேக்கு கறுக்கும், அது வேற பேச்சு.

தண்ணி மாதிரி சாமானுக்கெல்லாம் கப்பு பெருசா துரோகம் பண்ணாது. பால் அமெரிக்கா கப்புக்கு 244, தயிரும் அதே சுத்துல, எண்ணெய் 218 கிட்ட, தேன் மட்டும் கனம், 340 வரைக்கும் போகும். தேனை கப்புல ஊத்தி வழிச்சு எடுக்கறதுக்குப் பதிலா கலக்கற போசிய தராசு மேல வெச்சு ஜீரோ பண்ணிட்டு நேரா ஊத்துங்க, கழுவற சாமானும் மிச்சம். இதுல ஒண்ணே ஒண்ணு ஜாக்கிரதையா இருக்கணும், அவுன்ஸ். எடை அவுன்ஸ் 28.35 கிராம், தண்ணி அளக்கற அவுன்ஸ் அமெரிக்காவுல 29.57 மில்லி, ரெண்டுக்கும் ஒரே பேரு. ஒரு கப்புக்கு 8 அவுன்ஸ்னு எங்கயோ படிச்சுட்டு, 8 அவுன்ஸ் மைதான்னு போட்டிருந்தா ஒரு கப்புன்னு எடுத்துக்காதீங்க, 8 அவுன்ஸ் எடைன்னா 227 கிராம், ஒரு கப்பு மைதா 120 கிராம், பாதிக்குப் பாதி அடி வாங்கும்.

ரவை, கோகோ, ஓட்ஸ் எல்லாம் சுருக்கமாச் சொல்லிட்டுப் போறேன். ரவை 160லிருந்து 170, கோகோ பவுடர் 85, ஓட்ஸ் 90லிருந்து 100. கோதுமை மாவு 120 சுத்தி வெச்சுக்கங்க, மில்லுல அரைச்சதுன்னா நீங்களே ஒருக்கா எடை போட்டுப் பார்த்துக்கறது நல்லது, ராகி, கம்பு, தினை மாவுக்கும் இதேதான், இதுக்கெல்லாம் ஊரு அட்டவணை எதுவும் உதவாது.

பட்டர். அமெரிக்காவுல ஒரு ஸ்டிக்குன்னா 113 கிராம், அதாவது கால் பவுண்டு, அரை கப்பு. ஒரு கப்பு பட்டர் 227. நம்ம பாக்கெட்டு 100 கிராம், அதனால உங்களுக்கு 13 கிராம் குறைஞ்சு போச்சு, அது ஒரு டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி. இதுல ஊத்துக்குளி வெண்ணெய் போடறவங்களும் இருப்பீங்க, நானும் போடுவேன், வாசத்துக்கு அதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா கடைப் பட்டர்ல கொழுப்பு கொறஞ்சது 80 சதவீதம், தண்ணி 16க்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்குது, கடைஞ்சு எடுத்த வெண்ணெய்ல தண்ணி அதை விட கூட நிக்கும். அதனால எடை போடறதுக்கு முன்னாடி கையில வெச்சு அமுக்கி நீரை வடிச்சுட்டுப் போடுங்க. கடைப் பட்டர்ல உப்பு இருக்கான்னும் பாருங்க, இருந்தா தனியா உப்புப் போட வேண்டாம். நெய் போடறதுன்னா 113 கிராம் பட்டருக்கு 90 கிராம் நெய்யும் ஒரு பதினெட்டு இருபது கிராம் பாலும்னு பிரிச்சுப் போடணும், 113 நெய்யை அப்படியே ஊத்துனா கேக்கைக் கையில புழிஞ்சா நெய் வடியற மாதிரி இருக்கும்.

முட்டைக்கு வர்றேன். நாமக்கல் பக்கத்துலயே இருந்துக்கிட்டு இதைச் சொல்றதுக்கு ஒரு மாதிரிதான் இருக்குது. அமெரிக்கா ரெசிபில முட்டைன்னா அவங்க பெரிய சைசு, ஓடோட 57 கிராம், ஓடு போக 50 கிராம். எங்க கடையில நான் வாங்கறது ஓடோட 50, 53ன்னு நிக்குது, உள்ள 45, 46தான் தேறும். நாட்டுக்கோழி முட்டைன்னா இன்னும் சின்னது. ரெண்டு முட்டைக்கு எட்டு பத்து கிராம்தானேன்னு தோணும், எட்டு முட்டை கேக்கு போடறப்ப முக்கா முட்டை குறைஞ்சிருக்கும். நான் எப்பவும் ஒடைச்சு கிண்ணத்துல ஊத்தி அடிச்சு எடை போட்டுக்கறது, கொஞ்சம் பத்தலைன்னா இன்னொண்ணு ஒடைச்சு தேவையான அளவு ஊத்திட்டு மிச்சத்தை தோசைக்கல்லுல விட்டுருவேன், எங்க சின்னவன் அதுக்குன்னே சமையக்கட்டுல நிப்பான்.

இப்ப உங்க செங்கல்லைப் பார்க்கலாம். ரெசிபி எழுதுனவங்க மனசுல இருந்தது மைதா 180, சக்கரை 200, பட்டர் 113, முட்டை 100, பால் 122. நீங்க போட்டது என்னன்னா, 250 மில்லி கப்புல மொண்டு எடுத்த மைதா ஒரு கப்புக்கு 158 கிட்ட, ஒன்றரைக்கு 237. சக்கரை 211. பட்டர் 100. முட்டை 92ன்னு வெச்சுக்கலாம். பால் 129.

பேக்கரி மாஸ்டருங்க கணக்குல பார்த்தா இன்னும் தெளிவா தெரியும். எங்க மாமா பேக்கரி வெச்சிருந்தாரு, அங்க பன்னு போடற மாஸ்டருக்கு கப்புன்னா டீ குடிக்கறது மட்டும்தான், எல்லாமே மைதா கிலோவுக்கு இத்தனைன்னுதான் பேசுவாரு, மைதா ஒரு கிலோ, தண்ணி 600, சக்கரை இத்தனை, ஈஸ்டு இத்தனைன்னு. மைதாவை 100ன்னு வெச்சுட்டு மத்ததெல்லாம் அதுல எத்தனை பங்குன்னு பார்க்கறது, உலகம் பூரா பேக்கரிக்காரங்க இப்படித்தான். உங்க ரெசிபிய அப்படிப் போட்டா மைதா 100க்கு சக்கரை 111, பட்டர் 63, முட்டை 56, பால் 68. நீங்க செஞ்சதுல மைதா 100க்கு சக்கரை 89, பட்டர் 42, முட்டை 39, பால் 54. பார்த்தீங்களா, ஒண்ணு ரெண்டு இல்ல, மெதுவா வைக்கிற அத்தனையும் ஒட்டுக்கா கீழ போயிருச்சு. மைதா மட்டும் கூடுனதுன்னு நெனைக்காதீங்க, மைதா கூடுனதால மத்த எல்லாமே குறைஞ்ச மாதிரி ஆயிருச்சு, அதுக்கு மேல பட்டரும் முட்டையும் தன் பங்குக்குக் குறைஞ்சுது. இந்த அளவுக்கு கலவை கேக்கு மாவா இருந்திருக்காது, சப்பாத்திக்கும் கேக்குக்கும் நடுவுல ஏதோ ஒண்ணா, சட்டுவத்துல எடுத்தா விழாம நின்னிருக்கும். நின்னுச்சா இல்லையான்னு நீங்களே ஞாபகப்படுத்திப் பாருங்க. அப்படி நின்னதை எளக்கறதுக்கு மறுபடி மறுபடி கிண்டியிருப்பீங்க, கிண்டக் கிண்ட மைதா இழுவை குடுக்கும், புரோட்டா மாவுக்கு அடிச்சுப் பிசையறோமே அதே சங்கதி, அதுதான் கல்லு.

சின்ன அளவுக்கெல்லாம் என்ன பண்றதுன்னு கேப்பீங்க. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் 4 கிராம், உப்பு பொடியுப்புன்னா 6 கிராம், சோடா 5, 6 கிராம், ஈஸ்டு 3 கிராம் சுத்தி. அமெரிக்கா ரெசிபில ஒரு பாக்கெட் ஈஸ்டுன்னா 7 கிராம், ரெண்டேகால் டீஸ்பூன். இதையெல்லாம் சமையல் தராசுல போடாதீங்க, அதுல ஒரு கிராமுக்குக் கீழ காட்டாது, 4 கிராம்னு காட்டறப்ப மூன்றரையும் இருக்கலாம் நாலரையும் இருக்கலாம், அதுவுமில்லாம துளித்துளியாப் போட்டா சில தராசு முழிச்சே பார்க்காது, அப்படியே ஜீரோல நின்னுக்கிட்டு இருக்கும். இங்க மட்டும் ஸ்பூன்தான் நல்லது, தலை தட்டி. ஆனா நம்ம சாப்புடற ஸ்பூன் இல்லீங்க, அளவு ஸ்பூன். நெறைய ஆர்டர் எடுக்கறவங்க நகைக்கடைல வெச்சிருக்கற மாதிரி சின்னத் தராசு ஒண்ணு வாங்கிக்கலாம், நான் வெச்சிருக்கேன், ஈஸ்டுக்கும் சோடாவுக்கும் மட்டும். உப்புல ஒரு விசயம், அமெரிக்காக்காரங்க கோஷர் உப்புன்னு ஒண்ணு போடுவாங்க, பெரிய செதிலா இருக்கும், சில கம்பெனி உப்பு ஒரு டீஸ்பூன் நம்ம பொடியுப்புல பாதி எடைதான் வரும், அதைப் பார்க்காம நம்ம உப்பைப் போட்டு ஒருக்கா பிஸ்கட்டு கருவாடாப் போச்சு எனக்கு.

தராசு எதை வாங்கறதுன்னா, 5 கிலோ வரைக்கும் தாங்கி ஒரு கிராம் வரைக்கும் காட்டறது போதும். அடிக்கடி தானா அணையாததா பாருங்க, பாதில மாவு கொட்டிட்டு இருக்கறப்ப அணைஞ்சுதுன்னா நம்பர் போயிரும், அந்த நேரம் வர்ற கோவத்தை எழுத முடியாது. சரியாக் காட்டுதான்னு பார்க்கறதுக்கு 10 ரூவா காசு இருக்குதுல்ல, அது ஒண்ணு 7.7 கிராம் சுத்தி, பதிமூணு காசு வெச்சா 100 கிராமும் சில்லறையும் காட்டணும். நம்ம பக்கம் கடைல அந்தக் காசை வாங்க மூஞ்சியக் காட்டறாங்க, தராசுக்காவது ஆகட்டும்.

மாத்தற வேலைய எப்படிச் செய்யறதுன்னா, அட்டவணை பார்த்து பார்த்து ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டாம். புடிச்ச ரெசிபி ஒண்ணை எடுங்க, எந்த ஊருக்காரங்க எழுதுனதுன்னு பார்த்து கிராமுக்கு மாத்தி ஒரு தடவை போடுங்க. கலவை கெட்டியா இருந்தா அடுத்த தடவை மைதாவுல 10 கிராம் குறைங்க, ஓடுனா 10 கிராம் ஏத்துங்க. மத்ததைத் தொடாதீங்க, ஒட்டுக்கா நாலை மாத்துனா எது வேலை செஞ்சுதுன்னே தெரியாமப் போயிரும். நல்லா வந்த அன்னைக்கு அந்த கிராமை நோட்டுல பேனால எழுதிருங்க, அதுக்கப்பறம் அது உங்க ரெசிபி, அமெரிக்கா கப்பும் வேண்டாம், ஆஸ்திரேலியா கப்பும் வேண்டாம். நான் மாத்துனதெல்லாம் சமையக்கட்டு அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கேன், ஒண்ணொண்ணுலயும் நாலஞ்சு அடிச்சுத் திருத்துனது இருக்கும்.

இதுல ஒரு லாபம் நானே எதிர்பார்க்காதது. உங்க ரெசிபி 8 இஞ்சு வட்டத் தட்டுக்குன்னு வெச்சுக்கங்க, வீட்டுல நாலு பேருதான், 6 இஞ்சுல போடணும். பரப்புக்குக் கணக்குன்னா ஆறாறு 36, எட்டெட்டு 64, பாதிக்குக் கொஞ்சம் மேல, 0.56. கப்புல இதைச் செய்யச் சொன்னா ஒன்றரை கப்புல 0.56ஐ எங்க போயித் தேடறது. கிராம்ல மைதா 101, சக்கரை 113, பட்டர் 64, முட்டை 56, பால் 69, கண்ணை மூடிக்கிட்டுப் போயிரலாம். ஒண்ணேகால் முட்டை எப்படிப் போடறதுங்கற கவலையும் கெடையாது, அடிச்சு 56 கிராம் ஊத்துனாப் போதும். பேக்கிங் பவுடர் மட்டும் முக்கால் டீஸ்பூனும் ஒரு சிட்டிகையும்.

உங்க கேக்குக்கு வர்றேன், இந்த ஞாயித்துக்கிழமை மறுபடி போடறதுன்னா மைதா 180, சக்கரை 200 பொடிக்கறதுக்கு முன்னாடி எடை, பட்டர் 113, முட்டை அடிச்சு 100, பால் 122, பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன் தலை தட்டி. பட்டர் பாக்கெட்டு ரெண்டு வாங்கிக்கங்க, ரெண்டாவதுல 13 கிராம் வெட்டுனது போக மிச்சம் தட்டுல தடவ ஆகும். மைதாவைப் போட்டதுக்கப்பறம் மாவு மறையற வரைக்கும்தான் கலக்கணும்.

கடைசில ஒண்ணு கேட்டிருந்தீங்க, அப்ப அந்த கப்பு செட்டுக்குக் குடுத்த காசு தண்டமான்னு. இல்லீங்க, தூக்கிப் போட்டுராதீங்க. என்னுதுல ஒரு கப்பு மைதா டப்பாக்குள்ள கெடக்குது, அரை கப்பு சக்கரை டப்பாக்குள்ள, கால் கப்பு ரவைல, நல்லா பிடி வெச்சு இருக்கறதால அள்ளித் தராசுல போடறதுக்கு அதை விட சௌகரியமானது வேற எதுவும் கெடைக்கல.